பைக்குள் பை, எண்ணுக்கு மேல் எண்

ஆளுக்கொரு மூலையில் கிடக்கும் ஆபீசுகளை ஒயரால் இணைத்து, எல்லோரும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருப்பதாக நம்பவைப்பதுதான் எங்கள் தொழில். வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லியே தொண்டை வறண்டுபோன என் இனத்து மக்களே, மும்பையில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

பத்தாம் நம்பர் யாருக்கு?

சுடலை அண்ணாச்சிக்குத் தாராவியில் லெதர் பை தைக்கும் பட்டறை, செம்பூரில் ஷோரூம். இரண்டையும் இணைக்கப் போனேன். பில்லுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று தகவல்களைப் பிரித்துவைக்க அவற்றின் மேல் ஒட்டும் எண்ணுக்கு விலான் என்று பெயர். அண்ணாச்சியின் பில்லுக்குப் பத்து. அதே வாரம் மாட்டுங்கா கிளினிக்கையும் செம்பூர் கிளையையும் நான் இணைக்கவிருந்த பல் டாக்டரம்மாவுக்கும் பத்து. உலகத்தில் எல்லோரும் பத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். வாய் சும்மா இராமல் இதை அண்ணாச்சியிடம் சொல்லித் தொலைத்தேன்.

"எங்க நம்பர எப்படி இன்னொருத்தருக்குக் குடுத்திய?" என்று எழுந்தே விட்டார்.

"உங்க பத்தை நாங்க தொடவே மாட்டோம் அண்ணாச்சி. அதுக்கு மேல எங்க எண் ஒண்ணு ஒட்டுவோம். உங்களுக்கு ஒண்ணு, டாக்டருக்கு வேற. வழியில எங்க மெஷின் மேல இருக்கிற எண்ணை மட்டும்தான் பார்க்கும். செம்பூர் போனதும் அதை உரிச்சிடுவோம். பைக்குள்ள பை மாதிரி" என்றேன்.

கூரை வரை தொங்கிய பைகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பைக்குள்ள பை வைக்கதுக்கு எனக்கே பாடம் எடுக்கியளா தம்பி?"

அகன்ற வாய்

டாக்டரின் இணைப்பைப் போடும்போது அண்ணாச்சியுடையதைக் காப்பியடித்தேன். மேல் எண்ணை மாற்ற மறந்துபோனேன். இருவருக்கும் மேலே 210, உள்ளே பத்து. போதாததற்கு இருவர் பிரிண்டருக்கும் ஒரே முகவரி. மெஷின் பாவம், என்ன செய்யும்?

மறுநாள் காலை டாக்டர் கூப்பிட்டார். ஓடினேன். செம்பூர் கிளையிலிருந்து வந்ததாக அவர் நினைத்த தாள் கையில் இருந்தது: 'தோல் நல்ல தடிமன். வாய் பன்னிரண்டு அங்குலம். உள்ளே மூன்று அறை.' அண்ணாச்சி ஷோரூமின் ஆர்டர்!

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இந்தப் பேஷண்டை மட்டும் வேற யார்கிட்டயாவது அனுப்பிடுங்கோ."

மூன்று பல்

எங்கள் ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் சாவந்துக்குப் போன் போட்டு, டாக்டரின் மேல் எண்ணை 211 ஆக்கச் சொல்லிவிட்டுத் தாராவிக்குப் பறந்தேன். அதற்குள் அங்கே டாக்டரின் தாள் வந்து சேர்ந்திருந்தது: 'மேல் வரிசை, இடது பக்கம், மூன்று பல் போடவும். அவசரம்.'

ஜிப்பில் இருப்பதும் பல்தானே! பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பையின் ஜிப்பையும் திறந்து மூடி, பல் போனது எது என்று தேடிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஏசப் போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அண்ணாச்சி தாளை இன்னொரு தடவை வாசித்தார். "பித்தளையா பிளாஸ்டிக்கான்னு மட்டும் டாக்டரம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க, நானே போட்டுத் தாரேன்."

நாலு பைட்

அடுத்த வாரம் டாக்டருக்குப் புதுக் குறை. செம்பூரிலிருந்து நோயாளியின் பெயர் வருகிறது, எக்ஸ்ரே வரவில்லை. புது எண்ணை சாவந்த் வேறு வழியாகத் திருப்பியிருந்தான். அந்த வழியில் ஒரு பழைய மெஷின், குறித்த அளவுக்கு மேல் எதையும் உள்ளே விடாது. நாங்கள் மேலே ஒட்டும் எண்ணால் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் நாலு பைட், அதாவது நாலு எழுத்தளவு, பெருக்கும். சின்னப் பொட்டலங்கள் நுழைந்துவிட்டன. எக்ஸ்ரேயோ முழு அளவுப் பொட்டலங்களாக வரும். அவற்றை அது சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது. அளவைக் கூட்டிவைத்ததும் எக்ஸ்ரே வந்து குதித்தது.

நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி காத்திருக்க, டாக்டர் காரணம் கேட்டார். "பைட் பிரச்சினை டாக்டர், நாலு கூடிப்போச்சு" என்றேன். பல் டாக்டருக்குப் பைட் என்றால் கடி என்பது எனக்கு உறைக்கவில்லை.

என் தாடையை உற்றுப் பார்த்தவர் சொன்னார்: "பைட் சரியில்லேன்னா சின்ன வயசிலேயே கிளிப் போட்டிருக்கணும், இப்போ வந்து சொன்னா எப்படி?"

இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: எந்த எண்ணை எதன்மேல் ஒட்டினாலும், ஏச்சு மட்டும் ஒரு எண்ணும் இல்லாமலே நேராக என்னிடம் வந்து சேர்ந்துவிடுகிறது.