நாத்தனாரின் ஒரே கருமுட்டை

கருத்தரிப்பு மையத்தில் அவளுக்கு மாட்டுக்காரி என்று பெயர். வைத்தவர் அங்கே ஆய்வகத்தில் அவளுக்கு மேலிருந்த சீனியர். கால்நடை ஆய்வகத்தில் பசுவின் கருமுட்டைக்குள் ஊசியால் விந்தணுவைச் செலுத்திப் பழகிய கை அவளுடையது. பசுவின் முட்டை கொழுப்பேறிக் கறுத்திருக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. மனித முட்டையோ பனித்துளி. முதன்முதலாகப் பார்த்த அன்று, குத்த மனசு வராமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று தட்டில் இருந்தது நாத்தனாருடையது. கணவனின் தங்கை. அவள் வீட்டுக்காரருக்கு விந்தணுக்கள் குறைவு என்பதால் ஊசிதான் வழி என்றாகி, இரண்டு முறை கைகூடவில்லை. இம்முறை முதிர்ந்த முட்டை ஒன்றே ஒன்று. இனி உடம்பு தாங்காது, இதோடு சரி என்று நாத்தனாரே சொல்லிவிட்டாள்.

"வேற யார் கையும் படக்கூடாது. நீங்கதான் பண்ணணும் அண்ணி," என்று, முட்டை எடுக்க மயக்க மருந்து கொடுக்கும்வரை இவள் கையை விடவில்லை.

"சொந்தத்துக்குப் பண்ணாதேன்னா கேட்டாத்தானே," என்று சீனியர் முனகினார்.

வழக்கப்படி சீனியர் பக்கத்தில் நின்று, தட்டின் மேலிருந்த பெயரை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். அவள் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தாள். நீந்தியவற்றில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, ஊசிநுனியால் வாலைத் தட்டி அடக்கி, உறிஞ்சி எடுத்தாள். முட்டைக்குள் ஊசியைச் செலுத்தினாள். சவ்வு ரப்பர் மாதிரி உள்வாங்கியது, கிழியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி, இம்மியளவு உறிஞ்சினால் கிழியும். அவளுக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும், வலித்துவிடுமோ என்பதுபோல் விந்தணுவை அங்கேயே விட்டுவிட்டு ஊசியை இழுத்துக்கொண்டாள். சவ்வின் மடிப்பு விரிந்ததும் விந்தணு வெளியே வந்து நின்றது.

"என்னடி, தாலாட்டா பாடுற? உள்ளயே போகலையே."

"தெரியுது."

"முட்டைக்கு ஒண்ணும் ஆகல. மறுபடி பண்ணு."

கை அதன்பாட்டுக்குத் திடமாக இருக்க, மனசு மட்டும் இளகிக் கிடந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. நாத்தனாருக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் முள்ளாய் நின்றது. ஆனாலும் எழுந்துகொண்டாள்.

"நீங்க பண்ணுங்க."

சீனியர் அவள் இடத்தில் உட்கார்ந்தார். இருமி முடிக்கும் நேரத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் காலை முட்டையைப் பார்த்துவிட்டு நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"உள்ள ரெண்டு வட்டம் தெரியுது. உன்னோடது ஒண்ணு, அவரோடது ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல இருக்கு. இன்னும் தூரம் போகணும், ஆனா தொடங்கிடுச்சு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொல்லணும். ஊசி போட்டது நான் இல்ல. சீனியர். என்னால முடியல."

"அப்பாடா," என்றாள் நாத்தனார். "எனக்கு நர்ஸ் ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கிற ஆளு நீங்க. உங்களைப் போய்க் கேட்டுட்டோமேன்னு நேத்து முழுக்க இவர்கிட்ட புலம்பிட்டே இருந்தேன்." பிறகு, "இப்ப என்ன பண்ணுது அது?" என்றாள்.

"சும்மா இருக்கு."

"பக்கத்துல யாராவது இருக்கீங்கதானே?"

இன்குபேட்டருக்குள் இருப்பதற்குத் துணை எதற்கு என்று வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

"நான் இருக்கேன்," என்று நாற்காலியை அதன் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.