பெட்டி மூலையில் ஒரு பிள்ளையார் சுழி

இந்த ஊரில் வேலைநிறுத்தம் செய்தால் காபி கொடுக்கிறார்கள். நம் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை வாசலில் போன வாரம் 'வார்ன்ஷ்ட்ரைக்'. சம்பள உயர்வு கேட்டுச் சற்று நேரம் வேலையை நிறுத்தி நிர்வாகத்தை எச்சரிப்பது. சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு விசில் தந்தார்கள், ஊதினோம். போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டார். நானோ பக்கத்தில் நின்ற சக தொழிலாளி ஊவேயிடம், "நம்மைப் படம் எடுப்பார்களா?" என்று பயந்து கேட்டேன். எனக்குப் படம் எடுத்துக்கொள்ள ஆசை என்று நினைத்துவிட்டார், பாவம். தோளில் கைபோட்டு, செல்போனை நீட்டிப் பல்லைக் காட்டினார். நானும் காட்டினேன்.

அந்தப் பயம் எனக்கு ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டது. காஞ்சிபுரத்தில் அப்பா பட்டு நெய்கிறார். தங்கை ரேவதி விடியற்காலையில் செவிலிமேட்டில் கம்பெனி பஸ் ஏறுவாள். அதுவும் எங்கள் கம்பெனியின் கிளைதான். நான் இங்கே சோதிக்கும் அதே பாகத்தைத்தான் அவள் அங்கே செய்கிறாள், ஒப்பந்தத் தொழிலாளியாக. சங்கம் வைக்கிறோம் என்று அவளும் கூட்டாளிகளும் வாய் திறந்ததும் அங்கே படம் எடுத்தார்கள். படத்தில் இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் போனது. "பொண்ண அடக்கி வைப்பா" என்று அப்பாவிடமே வந்து சொன்னார்கள். ஒரே இயந்திரம், ஒரே பாகம். இங்கே அது என்னை உரிமையுள்ள மனிதனாக்குகிறது, அங்கே அவளைச் சந்தேகத்துக்குரியவளாக்குகிறது. மானங்கெட்ட கணக்கு இது.

இப்போது அவர்கள் அந்தக் கம்பெனி வாசலில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். "லைன் நின்னுபோச்சுண்ணா. இன்னும் கொஞ்ச நாள் தாங்கினா கூப்பிட்டுப் பேசித்தான் ஆவணும்" என்று போனில் சொன்னாள். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஜாக்கிரதைமா" என்றேன். வேறென்ன சொல்ல? நின்ற லைனை ஓடவைக்க, அவர்கள் செய்யாமல் நிறுத்திய பாகத்தை இங்கிருந்து விமானத்தில் அனுப்பும் வேலை அன்று காலைதான் என் தலையில் விழுந்திருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் விசா இந்த வேலையில்தான் தொங்குகிறது, நான் இல்லாவிட்டால் இன்னொருவன் அனுப்பப்போகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் பெட்டியைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டபோது, கை தானாக மூலையில் ஒரு பிள்ளையார் சுழியும் போட்டுவிட்டது. எங்கள் வீட்டுப் பழக்கம் அது. நெய்த சேலையை அட்டைப்பெட்டியில் வைத்ததும் அப்பா மூடியின் மூலையில் 'உ' எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து நுனியைச் சேர்த்துவிடுவார். எங்களுக்கும் அதே கை.

சில நாள் கழித்து ரேவதி மறுபடி கூப்பிட்டாள்.

"ஜெர்மனிலேர்ந்து பாகம் வந்த லாரிய மறிச்சோம்ணா. போலீஸ் வந்து எங்கள இழுத்துப் போட்டுட்டு உள்ள வுட்டுட்டாங்க."

"அடி பட்டுச்சாமா?"

"அத வுடு. லாரியில இருந்த பெட்டியில உ போட்டிருந்துச்சு. அப்பா போடற மாதிரியே."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"யாரோ நம்ம ஊரு ஆளுதான் அனுப்பிக்கினு இருக்கான், ஆளு கெடச்சா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு எல்லாரும் பேசிக்கினாங்க. யாருன்னு எனக்குத் தெரியலன்னுட்டேன்." பிறகு, "சாப்ட்டியாண்ணா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். கூட்டாளிகளிடம் எனக்காகப் பொய் சொல்லவைத்துவிட்டேனே என்று கூசிப்போனேன்.

இன்று காலை இரண்டாவது பெட்டி வந்தது. இங்கே எங்கள் வாசலில் மறுபடியும் வேலைநிறுத்தம். ஊவே ஒரு விசிலை என் கழுத்தில் மாட்டி, சீக்கிரம் வரச்சொல்லிவிட்டுப் போனார். பெட்டியைச் சோதித்தேன். கையெழுத்துப் போட்டேன். கை பழக்கத்தில் மூலைக்குப் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். பெட்டி உ இல்லாமல் போயிற்று.

பிறகு வெளியே போய் விசில் ஊதினேன், எல்லோரையும்விடச் சத்தமாக.