கிழக்குப் பக்கம் இறங்கிய டிராக்டர்

அப்பா டிராக்டர் வாங்கப்போகிறார் என்பதை எங்கள் வீட்டில் முதலில் யாரும் நம்பவில்லை. அவர் ரயில்வே அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். நகரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இருந்த மண் முழுவதும் வாசற்படியோரம் நின்ற ஏழு பூந்தொட்டிகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் தெலுக் பங்லிமா காராங் என்ற சிற்றூருக்கு அப்பால், ஒரு செம்மண் பாதையின் ஓரத்தில், பழைய தென்னந்தோப்பு ஒன்றை அவர் வாங்கிப்போட்டிருந்தார். மூன்று ஏக்கர். ஓய்வுபெற்றதும் அங்கே வீடு கட்டிக் குடியேறுவது திட்டம். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் காரில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

சுற்றிப் பார்க்கும்படி அந்த இடம் இருந்ததற்குக் காரணம் ஒரு பெண்மணி. பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தவர். கணவர் இறந்த பிறகு நீண்ட வளைந்த கத்தி ஒன்றைக்கொண்டு தோட்டங்களில் புல் வெட்டிப் பிழைத்தார். என் பெற்றோர் அவரை அக்கா என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். வாரத்தில் நான்கு நாள் எங்கள் தோப்பில் வேலை. வடக்கு எல்லையில் தொடங்கித் தெற்கு எல்லைக்கு வந்து சேரும்போது வடக்கில் புல் மறுபடி முழங்கால் உயரம் நிற்கும். ஆகவே அந்த வேலைக்கு முடிவு கிடையாது. முடிவு இல்லாத அந்த வேலையால்தான் அவருடைய ஒரே மகள் பந்திங் இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தாள். அப்போது அவள் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு; ஆண்டு முடிவில் அரசாங்கச் சோதனை எழுதவேண்டும். ஆசிரியை ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அக்காவின் வேலையையும் மகளின் படிப்பையும் இப்போது நான் அடுத்தடுத்த வாக்கியங்களில் எழுதிவிடுகிறேன். நான்காம் வகுப்பில் படித்த எனக்கு அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத செய்திகள்.

அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். டிராக்டர் எதற்கு என்று அம்மா கேட்டபோது அவர் சொன்ன முதல் காரணமே அந்த அக்காதான்.

"அந்த வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு வெட்டுறத என்னால பாக்க முடியல. மனுஷங்க செய்ற வேலையா அது?"

அதை அவர் மனப்பூர்வமாகவே சொன்னார் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

வந்தது ஆரஞ்சு நிறத்தில், எங்கள் காரைவிடக் குட்டையான, புத்தம்புதிய ஜப்பான் டிராக்டர். பின்னால் புல் வெட்டும் தகடு பூட்டியிருந்தது. லோரியிலிருந்து அதை இறக்கும்போது பக்கத்துத் தோட்டத்துச் சீனர் வேலியோரம் வந்து நின்றார். எல்லோரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்பார்கள். தமிழர்கள் வேலை செய்த தோட்டப்புறத்தில் வளர்ந்தவர், தமிழ் சரளமாக வரும்.

"யோவ் கிராணி, இது ட்ராக்டரா, உன் மக வெளையாடுற சாமானா? மண்ணுல எறங்குமா இது?"

"நாலு சக்கரமும் இழுக்கும் தவுக்கே. புக்குல போட்டிருக்கு."

"புக்கு மண்ணுல ஓடாது லா."

புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். டிராக்டரோடு வந்த கையேட்டை அப்பா ஒரு வாரம் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். முதல் ஐம்பது மணி நேரம் என்ஜினை விரட்டக்கூடாது, எங்கெங்கே கிரீஸ் இடவேண்டும், சரிவில் எப்படித் திரும்பவேண்டும் என்பவற்றையெல்லாம் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கும் ஒப்பித்தார். அவர் படிக்காத ஒன்று இருந்தது. அது அந்தக் கையேட்டில் இல்லை.

புது வண்டி என்றால் பூஜை போடாமல் எங்கள் குடும்பத்தில் யாரும் ஓட்டுவதில்லை. என் மூன்று சக்கர சைக்கிளின் கீழேகூட எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருக்கிறார்கள். கிள்ளானில் உதிரிபாகக் கடை வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கோயில் ஐயரைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குமேல் பத்தரைக்குள். வண்டி முதலில் கிழக்கு நோக்கி ஓடவேண்டும்.

அந்த வாரம் புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமைவரை மழை. ஞாயிறு காலை மட்டும் வெயில் பளிச்சென்று அடித்தது. மாமா அதை நல்ல சகுனம் என்றார். ஐயரைத் தம் காரில் அழைத்து வந்திருந்தார். அக்காவும் மகளும் குளித்து, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அம்மா அவர்களுக்கும் விபூதி கொடுத்தாள். மாலை போட்டுச் சந்தனம் வைத்த டிராக்டர் கல்யாண மாப்பிள்ளைபோல் நின்றது. அப்பா வெள்ளைச் சட்டையில் ஏறி உட்கார்ந்தார். அப்போதுதான் அக்கா மெல்லக் குரல் கொடுத்தார்.

"ஐயா, கெழக்குப் பக்கம் இன்னிக்கி வேணாங்க. அங்க கீழ பழைய அல்லூரு இருக்கு. தேங்கா மட்டைய போட்டு மூடுனது. பாக்கத்தான் தரை மாதிரி தெரியும். ஒரு நாலு நாளு வெயிலு அடிக்கட்டுங்க."

அல்லூர் என்பது தோப்பில் நீர் வடியத் தோண்டும் வாய்க்கால். அப்பா தயங்கினார். கிழக்குப் பக்கம் எங்கள் கண்ணுக்குப் பச்சைப் பாய் விரித்ததுபோல் சமமாகக் கிடந்தது.

"நல்ல நேரம் நாலு நாள் நிக்குமாம்மா?" என்று மாமா சிரித்தார். "பத்தடி போயிட்டு வந்தாப் போதும் மாப்ள. சாஸ்திரத்துக்கு."

"பத்தடிதானே," என்றார் அப்பா.

பத்தடி பத்திரமாகவே போனார். அங்கே நிறுத்தியிருந்தால் இதை எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நான் "இன்னும், இன்னும்" என்று கத்தினேன். அவர் இன்னும் கொஞ்சம் போனார். திடீரென்று டிராக்டரின் முன்பக்கம், யாரோ கீழேயிருந்து பிடித்து இழுத்ததுபோல், இறங்கியது. பிறகு இடப்பக்கம் சாய்ந்தது. அப்பா கையேட்டை நம்பி நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்றி விசையை மிதித்தார். பின்சக்கரங்கள் சேற்றை அள்ளி அவர் சட்டைமேலும் ஐயர்மேலும் வீசின. வண்டி மேலும் சாய்ந்தது. அம்மா அலறினாள்.

"மிதிக்காதீங்கய்யா! மிதிக்க மிதிக்க எறங்கும்! அணைச்சிடுங்க!" அக்கா ஓடிக்கொண்டே கத்தினார். "அந்தப் பக்கமா எறங்காதீங்க, மேல சாஞ்சிடும். இப்பிடி, என் கையப் புடிங்க!"

அப்பா அவர் கையைப் பிடித்துக் குதித்தார். அப்பா முழங்கால் அளவு சேற்றில் நின்றார். டிராக்டர் பாதியளவு நின்றது. மாலை மட்டும் சேறு படாமல் இருந்தது.

அதன்பிறகு நல்ல நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தட்சிணை வாங்கிக்கொண்ட ஐயரை மாமா காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வருவதற்குச் சற்று அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டார். அக்காவும் மகளும் சேலையையும் பாவாடையையும் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினார்கள். சக்கரத்தைச் சுற்றித் தோண்டினார்கள். தென்னை மட்டைகளை இழுத்துவந்து அடியில் திணித்தார்கள். அப்பாவும் தோண்டினார், அவர் தோண்டிய இடத்தை அக்கா பேசாமல் இன்னொரு முறை தோண்டினார். கடைசியில் தவுக்கே தம் லோரியைச் செம்மண் பாதையில் நிறுத்தி, கயிறு கட்டி இழுத்தபோது பிற்பகல் மூன்று மணி.

"புக்குல என்ன போட்டிருக்கு கிராணி?" என்று கேட்டார் தவுக்கே.

அப்பாவும் சிரித்துவிட்டார். அன்று மாலை அவர் அக்காவிடம் ஓர் உதவி கேட்டார். தோப்பில் இப்படி வேறு எங்கெல்லாம் மண் இளகியிருக்கிறது என்று காட்டித்தர முடியுமா?

அடுத்த ஐந்து ஞாயிறுகளும் எனக்குத் திருவிழாவாக இருந்தன. அக்கா முன்னால் வெறுங்காலோடு நடப்பார். ஒவ்வொரு இடத்திலும் குதிகாலால் இரண்டு முறை குத்திப் பார்ப்பார். "இங்க ஒண்ணு" என்பார். மகள் அந்த இடத்தில் குச்சி நடுவாள். நான் அதில் சிவப்புத் துணி கட்டுவேன். அப்பா பின்னால் ஒரு தாளில் அளவுகோல் வைத்து வரைபடம் போடுவார். மூடிய அல்லூர்கள், ஊற்று கசியும் பள்ளம், பட்டுப்போன தென்னையின் வேர் அழுகி உள்ளே வெற்றிடமான இடங்கள் எல்லாவற்றையும் அக்கா அறிந்திருந்தார். ஆறு வருடம் அந்த மண்ணைக் காலால் தொட்டவர் வேறு யாருமில்லை.

"நீங்கதான்க்கா என் சிக்னல்," என்றார் அப்பா, ரயில்வேக்காரராக. அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஒரு ஞாயிறு, அப்பா தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, மகள் குச்சியை நடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ம்மா, இதெல்லாம் நாமளே காட்டணுமா?"

"காட்டாம?"

"காட்டலன்னா அவரு இந்தப் பக்கமெல்லாம் வண்டிய கொண்டாரமாட்டாரு இல்ல?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அன்னிக்கி சாஞ்சத பாத்தியில்ல? இன்னும் ஒரு சாண் சாஞ்சிருந்தா ஆளு அடியில. குச்சிய நடுடி."

அவள் நட்டாள். அவளுக்கு வேலை செய்யச் சோம்பல் என்று நான் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அம்மா நான் கேட்டதை வரிக்கு வரி மறுபடி சொல்லச் சொன்னாள். அன்றிரவு அவள் அப்பாவிடம் ஏதோ பேசினாள். "நல்லதுக்குத்தானே செய்றேன்" என்ற அப்பாவின் பதில் மட்டும் எனக்குக் கேட்டது.

வெயில் காலம் வந்தது. டிராக்டர் தன் திறமையைக் காட்டத் தொடங்கியது. அக்கா இரண்டு வாரத்தில் வெட்டும் பரப்பை அப்பா ஒரே காலையில், சிவப்புத் துணிகளை வளைத்து வளைத்து ஓட்டி, முடித்துவிட்டார். தோப்பு கால்பந்துத் திடல்போல் ஆனது. தவுக்கேகூட வேலிக்கு இந்தப் பக்கம் வந்து டிராக்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினாய் என்று கேட்டார். அப்பாவை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் அலுவலகச் சட்டையில் ஒருபோதும் பார்த்ததில்லை.

அன்று கொட்டகையில் தேநீர் குடிக்கும்போதுதான் அவர் அக்காவிடம் சொன்னார்.

"இனிமே நீங்க இந்த வெயில்ல கஷ்டப்பட வேணாம்க்கா."

அக்கா கோப்பையைக் கையில் வைத்திருந்தார். "அப்ப நாளையிலேருந்து வர வேணாங்களாய்யா?"

"தேவைப்பட்டா சொல்லி அனுப்புறேன்."

"மிஷினு போகாத எடமெல்லாம் இருக்குங்களே. குச்சி நட்ட எடம். அதுல புல்லு வளருமுங்களே."

"அதுக்கு மருந்து அடிச்சிடலாம். ஒரு தடவ அடிச்சா மூணு மாசம் தாங்கும்."

"சரிங்கய்யா," என்றார் அக்கா. தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அம்மா அவர் கையில் பழைய சேலைகள் இரண்டையும் ஒரு டின் பிஸ்கட்டையும் கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அக்கா இனி வீட்டில் நிழலில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பள்ளியில் எழுதச் சொன்ன கட்டுரையிலும் எங்கள் டிராக்டர் ஓர் ஏழைத் தாய்க்கு ஓய்வு தந்தது என்று எழுதினேன். ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

அடுத்த ஆண்டு, பள்ளி திறந்து சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு மாலை தோப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தெலுக் பங்லிமா காராங் சந்திப்பில், பேருந்துக்குக் காத்திருந்த பெண்கள் கூட்டத்தில் அக்காவின் மகள் நின்றாள். நீலச் சீருடை, மார்பில் படம் ஒட்டிய அட்டை, கையில் பிளாஸ்டிக் பை. அப்பா காரை ஓரங்கட்டினார்.

"அடடே, வேலைக்குச் சேந்துட்டியா? எந்த ஃபேக்டரி?"

"அந்த எலக்ட்ரானிக் ஃபேக்டரி அங்கிள். நைட் ஷிஃப்ட்."

"சோதனை என்ன ஆச்சு?"

"பாஸ் பண்ணிட்டேன் அங்கிள்."

அப்பா ஸ்டியரிங்கைத் தடவினார். அவள் பின்னிருக்கையை எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"பாப்பா இப்ப என்ன கிளாஸு?"

"அஞ்சாவது."

"நல்லாப் படி," என்றாள். அதற்குள் தொழிற்சாலைப் பேருந்து வந்துவிட்டது. மற்றப் பெண்களோடு சேர்ந்து ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

சீருடையும் படம் போட்ட அட்டையும் தனிப் பேருந்தும் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. அவளுக்கு இனி வீட்டுப்பாடமே இல்லை என்று எண்ணியபோது பொறாமையாகவும் இருந்தது. பெரியவளானதும் நானும் அந்தத் தொழிற்சாலையில்தான் சேருவேன் என்று சொன்னேன். அப்பா காரைக் கிளப்பிச் சாலையில் ஏற்றினார். சத்தம் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். முன்னிருக்கையில் இருந்த அம்மா, என்னைத் திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி என் முழங்காலை அழுத்தினாள். நான் ஏதோ நல்லதைச் சொல்லிவிட்டதாக நினைத்து, கிள்ளான் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.