ஐயம்பேட்டையில் என் கரண்டியைப் பிடித்த இரும்புக் கை

காஞ்சிபுரம் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டுக்காரி புடவைக்குப் பணத்தோடு வந்து நின்றாள். நான் போனது புடவைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. கை வலிக்காக. அரக்கோணத்தில் பதினெட்டு வருடமாக மெஸ் நடத்துகிறேன். சமைக்க ஆள் உண்டு. சாம்பார்க் கரண்டியை மட்டும் இன்றுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. பதினொரு வருடமாகக் கூட இருக்கும் சரோஜாவிடம்கூட. இப்போது வலது மணிக்கட்டு போயே போச்சு. கரண்டியை விட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்படியானால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான் என்று நான் அழுதுகொண்டிருந்த வாரத்தில் நசீமா போன் செய்தாள்.

நசீமா காஞ்சிபுரத்துப் பெண். அரக்கோணத்தில் வேலை பார்த்தபோது மூன்று வருடம் என் மெஸ்ஸில் சாப்பிட்டவள். இப்போது ஐயம்பேட்டையில் ஒரு சமையற்கூடத்துக்கு மேலாளர். அங்கிருந்து தொழிற்சாலை விடுதிகளுக்கு மதியச் சாப்பாடு போகிறது. தட்டில் எடுத்து வைப்பது முழுக்க இயந்திரக் கைகள். “ஒரு வாட்டி வந்து பாருக்கா. உன் மெஸ்ஸுக்கும் சின்னதா ஒண்ணு சரிப்பட்டு வருமான்னு பாக்கலாம்” என்றாள். சரி, மூடுவதற்கு முன்னால் அதையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

தை மாதம், மெஸ்ஸுக்கு விடுமுறையான ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 5.40 பேருந்து, முப்பது கிலோமீட்டர், டிக்கெட் 27 ரூபாய். வலி மாத்திரை போட்டிருந்ததால் பாதித் தூக்கம். கண்ணைத் திறந்தபோதெல்லாம் வெளியே பனிதான். ஏரி எது, வயல் எது என்று தெரியவில்லை. ஊர் நெருங்கியதும் ஒரு கோபுரத்தின் மேல்பாதி மட்டும் வெள்ளையில் மிதந்துகொண்டு வந்தது. கீழ்ப்பாதி வருவதற்குள் மறுபடி தூங்கிவிட்டேன். கண்டக்டர் தோளைத் தட்டி இறக்கிவிட்டார்.

பேருந்து நிலையத்திலிருந்து ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். “ஏறுமா, இன்னும் ரெண்டே பேரு. வந்துக்கினே இருக்காங்க” என்றார் ஓட்டுநர். அந்த இரண்டு பேர் ஐந்து பேரானதும் வண்டி நகர்ந்தது. எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். “அந்த ரோபோ கிச்சனா? ஆட்டோ ஓட்டவும் ஒண்ணு செய்றாங்களான்னு கேட்டுக்கினு வாமா. நான் வீட்ல படுத்துக்கறேன்” என்றார்.

எட்டு மணிக்கு உள்ளே விட்டார்கள். தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, கையில் வளையல் கூடாது. கூடம் முழுக்க ஆவி. ஆவிக்குள் பெல்ட்டில் தட்டுகள் மெதுவாக நகர, மேலே நான்கு கைகள் இறங்கி ஏறின. உடம்பு கிடையாது, கை மட்டும். ஒன்று சோறு, ஒன்று பொரியல், ஒன்று சாம்பார், ஒன்று அப்பளம். ஒரு சத்தம் கிடையாது. நான் பேருந்திலேயே இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அப்பளத்தை உடையாமல் வைத்தது பாருங்கள், அதைச் செய்ய என் மெஸ்ஸில் ஆளே இல்லை.

கைகளைப் பார்த்துக்கொள்பவர் கணேசன். நாற்பது வயதிருக்கும். நெசவுக் குடும்பம், இதற்கு முன் புடவைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டவர். “மேல கேமரா இருக்குதும்மா. தட்டுல எந்தக் குழி காலியா இருக்குது, எங்க கை வெக்கணும்னு அதுவே பாத்துக் கத்துக்கும். தறிக்கு டிசைன் ஏத்தினா அது நெய்யிற மாதிரிதான். ஆனா இது கொஞ்சம் யோசிக்கவும் செய்யுது” என்றார்.

நசீமாவின் முகம்தான் சரியில்லை. என்னம்மா என்று கேட்டேன். “லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு வாரமா சாம்பார் தண்ணியா இருக்குதுன்றாங்கக்கா. இன்னிக்கும் அப்படியே போச்சுன்னா நாளையிலேர்ந்து வேணாமாம். எடை போட்டுப் பாத்தாச்சு, ஒவ்வொரு தட்டுக்கும் கரெக்டா நூத்தம்பது கிராம். மசாலாவும் மாத்தல. ஒண்ணுமே புரியல.”

முதல் தட்டு சாம்பாரை வாயில் வைத்தேன். ரசத்துக்குத் தங்கை. அண்டாவைப் பார்த்தேன். கரண்டி அழகாக இறங்குகிறது, மேலாக மொள்ளுகிறது, ஏறுகிறது. அடியில் பருப்பு நிம்மதியாகத் தூங்குகிறது. அட கடவுளே! அடி கலக்கவே இல்லை! எந்தப் பந்தியிலும் “அடியில கலக்கி ஊத்துங்க” என்று ஒரு குரல் வருமே, இங்கே சொல்ல ஆள் இல்லை. முந்நூறு தட்டுக்கு ஒரே அண்டா. முதல் நூற்றைம்பது பெண்கள் விடுதிக்கு, மீதி ஆண்கள் விடுதிக்கு. பருப்பு முழுக்கத் தங்களுக்கே வரும்போது அவர்கள் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்கள்!

கணேசனிடம் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டார். “சாம்பாரை வீணாக்கக் கூடாதுன்னு தண்ணி வெச்சுத்தாம்மா இதைப் பழக்கினோம்!” என்றார். தண்ணீருக்கு அடி ஏது, மேல் ஏது? அது தனக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. சோற்றை வீணாக்க மனம் வராத ஊரில் நடக்கிற தப்புதான் இது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சாப்பாட்டு வண்டி கிளம்ப 11 மணி. “நீங்களே புடிச்சுக் காட்டுங்கம்மா, கத்துக்கும்” என்றார் கணேசன். இரும்புக் கையின் மேல் என் கையை வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். வலிக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். வலிக்கவே இல்லை. பாரத்தை அது சுமந்தது. வழியை மட்டும் நான் காட்டினேன். அடியைத் தொட்டு ஒரு சுற்று, மேலே தூக்கி, அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, பிறகு ஊற்று. இருபது நிமிடம் இதே வேலை. எத்தனை மாதம் கழித்து என் கை இப்படிச் சுற்றுகிறது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவி பட்டதென்று சொல்லிச் சமாளித்தேன்.

“கையை எடுங்கம்மா” என்றார். எடுத்தேன். அது தானாக அடியைத் தொட்டது, சுற்றியது, விளிம்பில் டொக்கென்று தட்டியது. நிஜமாகவே என் கைதான், என் தோளை விட்டுத் தனியாகப் போய்ச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன் ஒரு நொடி நின்றது.

“அது எதுக்கும்மா நிக்குது? நீங்களும் அப்படித்தான் நின்னீங்க” என்றார் கணேசன்.

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. “சாப்பிடறவங்க முகத்தைப் பாப்பேன்பா. போதுமா, இன்னும் வேணுமான்னு.”

இரும்புக் கை காலித் தட்டுக்கு முன்னால் நின்று நின்று ஊற்றியது. எதிரே ஒருவரும் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. “அந்த நிக்கறதை எடுத்துடுப்பா” என்றேன். எடுத்துவிட்டார்.

மதியம் ஒன்றரைக்கு விடுதியிலிருந்து போன். “இன்னிக்கு சாம்பார் யாரு வெச்சதுன்னு கேக்கறாங்கக்கா! நாளைக்கும் அனுப்பச் சொல்லிட்டாங்க” என்று நசீமா என்னைக் கட்டிக்கொண்டாள். மெஸ்ஸுக்குச் சின்னக் கை ஒன்றைப் பற்றிக் கணேசன் பேச வந்தார். வேண்டாம்பா என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: இந்த மாதிரி இடங்களில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், எட்டு மணிக்குள் போய்விடுங்கள். மூடிய செருப்பு அவசியம். கோயிலையும் சேர்த்துப் பார்ப்பதானால் மத்தியானம் நடை சாத்தியிருக்கும், நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவில் “ரெண்டே பேரு” என்றால் நம்பாதீர்கள். எனக்கு மொத்தச் செலவு 94 ரூபாய் போக்குவரத்து, 40 ரூபாய் டிபன்.

திரும்பும் பேருந்தில் தூக்கம் வரவில்லை. என் கை மட்டும்தான் சரியாக ஊற்றும் என்று பதினெட்டு வருடம் நம்பியிருந்தேன். முன்பின் தெரியாத இரும்புக்கு அதை இருபது நிமிடத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதனிடமிருந்து நான் திரும்ப வாங்கிக்கொண்டது முகம் பார்க்கிற அந்த ஒரு நொடியைத்தான். அதற்கு மணிக்கட்டு தேவையே இல்லை.

மறுநாள் காலை கரண்டியைச் சரோஜாவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, “இதைக் குடுக்கறதுக்குப் பதினோரு வருஷம் ஆச்சாக்கா?” என்றாள். மதியம் முதல் பந்தியில் அவள் அடி கலக்கி ஊற்றிக்கொண்டு போக, நான் வெறுங்கையோடு பக்கத்தில் நடந்தேன். மூன்றாவது இலைக்காரர் போதும் என்று கையை நீட்டி மறித்தார். முகத்தைப் பார்த்தேன்.

“இன்னொரு கரண்டி ஊத்து சரோஜா” என்றேன்.