இஸ்திரி அக்காவின் கதவு

என் சட்டைகளின் முதுகில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுருக்கம் எப்போதும் இருக்கும். வேறு யாரிடமாவது தேய்க்கக் கொடுங்களேன் என்று மனைவி சொல்லிச் சலித்துவிட்டாள். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இஸ்திரி அக்கா துணி தேய்க்கும் பலகை ஒரு கதவு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மரம் பெயர்ந்து பள்ளமாகிவிட்டது. மேலே கம்பளியை மடித்துப் போட்டாலும் துணி அந்த இடத்தில் அமுங்கிவிடுகிறது. ஓரங்களில் பச்சைப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகராட்சி அடித்துவிட்டுப் போன வரி எண் தகடும் அப்படியே இருக்கிறது. அவர் வீட்டுக் கதவுதான் அது. வீடுதான் இல்லை.

நான் நகராட்சியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த நகராட்சி என்பது வேண்டாம். பூந்தமல்லி பஸ் ஏறிப் போகிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் போடுவது என்றால் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று பங்கு பிரிப்பதாக வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என் மாமனாரே அப்படித்தான் நினைத்து, அவர் தெருவுக்கு ரோடு போடச் சொல்லிச் சிபாரிசு பிடித்தார். உண்மையில் மத்திய அரசின் மானியம் வரும்போதே இன்ன வேலைக்கு என்று நெற்றியில் எழுதி ஒட்டித்தான் வருகிறது. வீடு கட்ட வந்ததில் கால்வாய் வெட்ட முடியாது. கால்வாய்க்கு வந்ததில் ஒரு செங்கல் வாங்க முடியாது. மார்ச் மாதம் முடிவதற்குள் செலவாகாதது வந்த வழியே திரும்பிப் போய்விடும். எங்கள் ஆபீஸ் ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரி. வண்டி வரும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்கு நாங்கள் சொல்ல முடியாது.

ஏழைகள் சொந்த இடத்தில் வீடு கட்டிக்கொள்ள மானியம் தரும் திட்டத்தில் அக்காவின் பெயரும் வந்தது. எங்கள் குடியிருப்பு வாசலில்தான் அவருடைய இஸ்திரி வண்டி. ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பிள்ளைகளின் சட்டைகள் எல்லாம் அவர் கையில்தான் மடிப்பு விழும். பின் தெருவில் அவருடைய மாமனார் வழியில் வந்த பட்டா நிலம். அதில் பாதிச் சுவரும் சிமென்ட் ஷீட்டும் பச்சைக் கதவுமாக ஒரு வீடு. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகளை ஆவடிக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அந்த ஒழுகுகிற வீட்டுக்குப் பச்சை உடம்புக்காரியை எப்படிக் கூட்டி வருவது என்பதுதான் அக்காவின் கவலை. பெயர் வந்த அன்று அவர் என் சட்டைகளுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

திட்டத்தில் எல்லாமே படம்தான். முதலில் பழைய வீட்டின் முன்னால் சொந்தக்காரர் நிற்க, எங்கள் பொறியாளர் கைபேசிச் செயலியில் படம் எடுக்க வேண்டும். பிறகு இடித்து, அஸ்திவாரம் போட்டதும் ஒரு படம், சுவர் எழும்பியதும் ஒன்று, தளம் போட்டதும் ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தவணை. முதல் படம் ஏறாவிட்டால் அடுத்தது திறக்காது. இதைக் கூட்டம் போட்டு, மைக் வைத்துச் சொன்னோம். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஆனி முடிய இருந்தது. பொறியாளர் பெண் மழைநீர்க் கால்வாய் வேலைகளில் மாட்டிக்கொண்டு எங்கள் வார்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் மண் வெட்ட மாட்டார்கள் என்பது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், செயலிக்குத் தெரியாது. ஆடி பிறந்த பிறகு பொறியாளர் வந்தபோது நானும் கூடப் போயிருந்தேன். அக்கா பட்டுப்புடவை கட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பெருக்கிக் கோலம் போட்ட வெறும் தரை. நாலு பக்கமும் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தது. பச்சைக் கதவை மட்டும் உடையாமல் எடுத்து மின்கம்பத்தில் சாய்த்து வைத்திருந்தார்.

"ஊடு எங்கக்கா?" என்றாள் பொறியாளர்.

"ஆடியில யாராவது அஸ்திவாரம் போடுவாங்களாம்மா? ஆவணி வரைக்கும் காத்துகினு இருந்தா வளைகாப்புக்கு எப்டி ஊடு எழும்பும்? அதான் ஆனி கடைசி மூர்த்தத்துல இடிச்சிப் பள்ளம் தோண்டிட்டேன். உங்களுக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தார்.

வீட்டின் முன்னால் நின்றால் படம் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தோம் அல்லவா, அதனால் அவர் வாசல் இருந்த இடத்துக்கு முன்னால் போய் நேராக நின்றுகொண்டார். பொறியாளர் கைபேசியைத் தூக்கினாள், இறக்கினாள், என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பழைய வீடு இருந்ததற்கு அத்தாட்சியாக வரி ரசீதுகளை இணைத்து ஆணையர் மேலே எழுதினார். அவர் நல்ல மனிதர், ஒரு முறையோடு விடவில்லை. படம் இல்லாமல் ஏற்க இயலாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், அதே பதில் வேறு கையெழுத்தோடு வந்தது. இதற்கு நடுவில், இல்லாத வீட்டுக்கு அரையாண்டு வரி கட்டச் சொல்லி அக்காவுக்கு எங்கள் ஆபீஸிலிருந்தே நோட்டீஸ் போயிருந்தது. அதைக் கொண்டுவந்து, வீட்டுத் திட்டம் பார்க்கும் மாடியில், என் மேஜையில் வைத்தார்.

"இன்னா சார் இது? கீழ வரி வாங்குற ஜன்னல்ல எம் ஊடு கீது. மாடியில மட்டும் இல்லியா?"

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அஸ்திவாரப் பள்ளங்களில் தண்ணீர் நின்று தவளை கத்தியது. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பையும் துணி மூட்டைகளையும் வைத்துக்கொண்டு அக்கா அங்கேயே கிடந்தார். வண்டியின் பலகை ஊறி உப்பிப்போனதால்தான் கதவைத் தூக்கி அதன் மேல் போட்டார். அதற்கு முன்பு அதைத் தொடக்கூட யாரையும் விட்டதில்லை. வளைகாப்பு மகளின் மாமியார் வீட்டில் நடந்தது. வளையலும் சீர்த் தட்டும் எடுத்துக்கொண்டு போனவர், தனியாகத் திரும்பி வந்தார். கூட்டி வரவில்லையா என்று விவரம் தெரியாத ஒருவர் கேட்டார். "எங்க கூட்டிகினு வர்றது? மொதல்ல நான் போய் உக்கார்றதுக்கு எடம் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் கரியை ஊதினார். தை மாதம் அங்கேயே பெண் குழந்தை பிறந்தது.

அந்த மார்ச்சில் திருத்திய பட்ஜெட்டை நான்தான் தட்டச்சு செய்தேன். எங்கள் வார்டின் வீட்டு மானியத்தில் செலவாகாத பகுதியைத் திருப்பி அனுப்ப ஒரு வரி. அதற்கு இரண்டு வரி கீழே, கால்வாய் மானியம் முழுவதும் செலவு. கால்வாய் அக்காவின் நிலத்தை ஒட்டித்தான் போனது. கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, மேலே சிலாப் போட்டு, குறை சொல்ல முடியாத வேலை. அந்தச் சிலாப்பின் மேல் அக்கா துணி மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டார். அவ்வளவு கோபம் எனக்கு என் வேலை மீது அதற்கு முன்பு வந்ததில்லை. கோபப்பட்டு என்ன செய்தேன் என்றால், தட்டச்சு செய்து முடித்தேன்.

இப்போது பக்கத்து நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பிவிட்டன. புதிய பட்டியலில் அக்காவின் பெயரைச் சேர்க்க முடியவில்லை. ஒருமுறை வாய்ப்புப் பெற்றவர் என்று செயலி சொல்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சட்டைகளை வாங்கப் போனேன். மகளும் மூன்று வயதுப் பேத்தியும் வந்திருந்தார்கள். "சாயங்காலத்துக்குள்ள கெளம்பணும்மா, இங்க படுக்க எங்க எடம்?" என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். பலகையின் மேல் கம்பளி விலகியிருந்த ஓரத்தில், பச்சைப் பெயிண்ட் மேல், பேத்தி விரல் முட்டியால் தட்டினாள். அவர்களுக்குள் பழகிப்போன விளையாட்டு என்று பார்த்தாலே தெரிந்தது.

"யாரு?" என்றார் அக்கா.

"நாந்தான் ஆயா."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வா கண்ணு. உள்ள வா."

மூவரும் வெயிலில் நின்றிருந்தார்கள். நான் சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.