ஜன்னலோரத்துப் பதினான்கு மேசைகள்

பல்கலைக்கழக உணவகத்தின் வாசலில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த பெண்ணை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேராசிரியர்கள்கூட அப்படித்தான். அவரைவிட இருபது வயது மூத்த எங்கள் நூலகர், "டோக்கன் அக்கா, ஒரு டீ" என்று கூசாமல் கேட்பார். நான் அந்த நூலகத்தில் புத்தகங்களுக்கு முத்திரை குத்தும் வேலையில் இருந்தேன். மதியச் சாப்பாடு தினமும் அங்கேதான். அதனால் இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லக் கேட்டது.

அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. பேசிக்கொண்டே இருக்கும் ஆள். மூக்குக் கண்ணாடி நழுவி இறங்க இறங்க அதை விரலால் மேலே தள்ளிவிட்டு மறுபடி பேசுவார். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர், வாயே திறக்காதவர். "அவருக்கும் சேர்த்து நான் பேசிடறேன்" என்பார் அக்கா.

அவர் உட்காரும் இடத்திலிருந்து கூடம் முழுவதும் தெரியும். நடுவில் எட்டு நீள மேசைகள். ஜன்னல் ஓரமாக, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் உட்காரும்படி பதினான்கு சின்ன மேசைகள். வருடா வருடம் வகுப்புகள் தொடங்கும் வாரத்தில் முதலாண்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். தட்டை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போவதுபோல இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். ஆளே இல்லாத மேசைக்கு முன்னால் நின்று, உட்காரலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். பிறகு நேராக ஜன்னலோரம் போய்விடுவார்கள். ஒரு நாற்காலியில் பை, ஒரு நாற்காலியில் பிள்ளை, கையில் கைபேசி. பதினான்கு மேசைகளில் பதினான்கு பேர். எட்டித் தொடும் தூரத்தில் இருந்துகொண்டு எல்லோரும் ஒரே மைதானத்தைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். ஒரு வார்த்தை கேட்காது.

அக்காவுக்கு அது பொறுக்காது. ஒரு வருடம் ஒரு பையனிடம் வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். "தம்பி, அந்த மூணாவது மேசைல இருக்கற பொண்ணும் உன் வகுப்புதான். போய்ப் பேசேன்." பையனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அடுத்த நான்கு நாள் அவன் உணவகத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. தன்னால் ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று அக்கா அந்த நான்கு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வருடம் தற்செயலாக ஒன்று நடந்தது. வகுப்புகள் தொடங்கிய வாரத்தில் ஜன்னல்களுக்கு வண்ணம் பூச ஆட்கள் வந்து, பதினான்கு மேசைகளையும் வராந்தாவில் அடுக்கிவிட்டார்கள். புதுப் பிள்ளைகளுக்கு நீள மேசையைத் தவிர வேறு வழியில்லை. முதல் நாள் மயான அமைதி. இரண்டாம் நாள் ஒருத்தி, "அந்தத் தண்ணி ஜக்கக் கொஞ்சம் தள்றீங்களா?" என்றாள். மூன்றாம் நாள், ஜக்கைக் கேட்டவளும் தள்ளியவளும் எதற்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பத்தாம் நாள் கூடத்தில் இருந்த இரைச்சலில் அக்கா டோக்கன் எண்ணைத் தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது.

வண்ணம் காய்ந்தது, மேசைகள் உள்ளே வந்தன. அந்தப் பிள்ளைகள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுவருடம் வண்ணம் பூச யாரும் வரவில்லை. அக்கா வீட்டில் பழைய அட்டைப் பெட்டி ஒன்றைப் பதினான்கு துண்டாக வெட்டினார். தடித்த பேனாவால் எழுதி, நூல் கட்டி, மேசைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டார். "பளுது. உட்கார வேண்டாம்."

உணவக மேலாளர் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன, பதினாலும் ஒரே நேரத்துலயா?"

"கால் ஆடுது சார். பிள்ளைங்க விழுந்து கிழுந்து வச்சா நமக்குத்தானே தலைவலி?"

தலைவலி என்ற சொல்லைக் கேட்டாலே மேலாளருக்குத் தலைவலி வந்துவிடும். "சரி சரி" என்று போய்விட்டார். மூன்று வாரம் கழித்து அட்டைகள் தாமாகக் காணாமல் போயின. இப்படியே மூன்று வருடம் ஓடியது.

நான்காவது வருடம் வகுப்புகள் தொடங்கிய ஐந்தாம் நாள், பராமரிப்புப் பிரிவிலிருந்து தச்சர் ஒருவர் கருவிப் பெட்டியோடு வந்து நின்றார். மாணவர் நல அலுவலகத்துக்கு யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். உணவகத்தில் பதினான்கு மேசைகள் பழுதாகிக் கிடக்கின்றன, ஏன் சரிசெய்யவில்லை என்று.

தச்சர் ஒவ்வொரு மேசையாகக் கவிழ்த்தார். தட்டினார், ஆட்டினார், காதை வைத்துக்கூடக் கேட்டார். ஏழாவது மேசையில் நிமிர்ந்தார்.

"அம்மா, இதுல எந்தக் கால் ஆடுது?"

"எல்லாக் காலும் கொஞ்சம் கொஞ்சம் ஆடும் அண்ணே."

"இது மேல நான் ஏறி நின்னு குதிச்சாலும் ஆடாது. குதிக்கட்டுமா?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். தச்சர் பெட்டியின்மேல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். ஒரு டீ குடித்தார்.

"நல்ல காரியம்தான். ஆனா நான் பொய் எழுத மாட்டேன்," என்றார்.

எழுதவும் இல்லை. அவர் கொடுத்த அறிக்கையை நானே பின்னால் பார்த்தேன். "மேசைகளில் பழுது ஏதும் இல்லை. அட்டைகளில் உள்ளது. பதினான்கிலும் ‘ழு’ வரவேண்டிய இடத்தில் ‘ளு’ வந்திருக்கிறது."

மறுநாளே நல அதிகாரி அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். கறாரான பெண்மணி. மேசைமேல் கோப்புகளைச் செங்கல் போல அடுக்கி வைத்திருப்பார். அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"உங்க வேலை டோக்கன் குடுக்கறது. யாரு எங்க உக்காந்தா உங்களுக்கு என்ன?"

அக்கா என்னென்னவோ பதில்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தார். அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. அதுவரை கணவரைத் தவிர யாருக்கும் சொல்லாத ஒன்று வாயில் வந்தது.

"நானும் ஒரு யுனிவர்சிட்டில சேர்ந்தவதான் மேடம். பதினெட்டு வயசுல. வேற ஊர். ஏழே வாரம் இருந்தேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏழு வாரத்துல என்கிட்ட பேசினது ரெண்டே பேரு. ஒருத்தர் வருகைப்பதிவு எடுக்கறவரு. இன்னொருத்தர், 'கொஞ்சம் தள்ளி நில்லுமா'ன்னு சொன்னவரு. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தல. யாருக்கும் என்னைத் தெரியல, அவ்ளோதான். மாடிப்படிக்குக் கீழ ஒளிஞ்சு நின்னு சாப்பிடுவேன். எட்டாவது வாரம் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போனாரு. உடம்பு சரியில்லன்னு வீட்ல சொல்லிட்டேன். படிப்பு வராமப் போகல மேடம். கணக்குல நான் கெட்டிக்காரி."

அதிகாரி பேனாவை மறுபடி கையில் எடுத்தார். பிறகு குரலை மாற்றாமலேயே சொன்னார். "காரணம் நல்லதாவே இருக்கட்டும். பொய் எழுதி மாட்டக்கூடாது. அட்டையெல்லாம் இன்னைக்கே எடுத்துடுங்க."

அட்டைகள் போயின. மறுநாள் பதினான்கு மேசைகளும் நிரம்பின, பதினான்கு பைகளோடு. அக்கா உம்மென்று டோக்கனைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். நான் டீ கேட்டதற்குச் சோற்று டோக்கனைக் கொடுத்துவிட்டார். அவர் பேசாமல் இருந்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கூடமே வேறு மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு முதலாண்டுப் பெண் கண்ணாடித் தடுப்புக்கு அருகில் வந்து நின்றாள். ஒல்லியான பெண், இரட்டைப் பின்னல்.

"அக்கா, அந்தப் புகாரு... நான்தான் எழுதினேன். உங்களுக்குப் பிரச்சனை வரும்னு தெரியாது. மன்னிச்சுடுங்க."

அக்காவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும். உனக்கு ஏம்மா அந்த மேசை அவ்ளோ முக்கியம்? நாலு பேரோட உக்காந்தா ஆகாதா?"

"எங்க வீட்ல ஒன்பது பேருக்கா. ரெண்டே ரூம். நான் சாப்பிடும்போது என் தட்டுல நாலு கை இருக்கும். தம்பி முட்டையை எடுப்பான், சித்தி 'இது உனக்கு ஆகாது'ன்னு எடுப்பாங்க, குட்டித் தங்கச்சி மடியில ஏறுவா. பிறந்ததுலேர்ந்து ஒரு வேளை கூட நான் தனியா உக்காந்து, ஆற அமர சாப்பிட்டதே இல்ல. ஹாஸ்டல் போனா ஒரு மேசை, ஒரு தட்டு, நான் மட்டும்னு ஒரு வருஷமா கனவு கண்டுட்டிருந்தேன். வந்து பாத்தா எல்லா மேசையும் பழுது!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் சிரிப்பு விரல் வழியாக வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். தனியாக உட்காருகிற பிள்ளை என்றாலே தன்னைப்போல மாடிப்படிக்குக் கீழே நிற்கிற பிள்ளைதான் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்ததாக அக்கா என்னிடம் பிறகு சொன்னார். "ஒருத்திக்கு எது தண்டனையோ அது இன்னொருத்திக்குத் திருவிழா. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

வழி சொன்னதும் அந்தப் பெண்தான். "சின்ன மேசையை ரெண்டு ரெண்டா ஒட்டிப் போட்டுட்டா நாலு பேர் மேசை ஆயிடும்ல? தூண் பக்கத்துல மட்டும் நாலை அப்படியே விட்டுடுங்க, என்னை மாதிரி ஆளுங்களுக்கு. பொய்யும் சொல்ல வேணாம்."

அன்றே விண்ணப்பம் எழுதினார்கள். அக்கா சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினாள். ‘ழு’ வரும் இடத்திலெல்லாம் பேனாவை நிறுத்தி, கண்ணை உருட்டி அக்காவை ஒரு பார்வை பார்த்தாள்.

ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், நானே வந்து பார்க்கிறேன் என்று அதிகாரி பதில் அனுப்பினார். தச்சர் ஓடோடி வந்து, பத்து மேசைகளை ஐந்தாக இணைத்துக் கொக்கி போட்டார். "இப்ப நிஜமாவே ஒரு வேலை குடுத்தீங்க," என்றார்.

அதிகாரி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சரியான கூட்ட நேரம். சொல்லாமல் கொள்ளாமல் வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, தட்டோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். எங்கேயும் இடமில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி இப்படியும் அப்படியும் பார்த்தார். அக்கா அலுவலகத்தில் பார்த்த ஆள் மாதிரியே இல்லை. அப்போது ஒட்டுமேசை ஒன்றிலிருந்து ஒரு பையன் கையை ஆட்டினான்.

"இங்க வாங்க, ஒரு இடம் இருக்கு!"

உட்கார்ந்தார். மூன்று பிள்ளைகளும் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த பெண் அன்பாகக் கேட்டாள்.

"நீங்களும் புதுசா? எந்த டிபார்ட்மென்ட்ல சேர்ந்திருக்கீங்க? இந்த வயசுல படிக்க வர்றதுக்கு ரொம்ப தைரியம் வேணும், இல்ல?"

அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டோக்கன் கட்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் தட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அதிகாரி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "நான் கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன்," என்றார். பிறகு, "உங்களுக்கெல்லாம் வகுப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டார். அவ்வளவுதான், மூவரும் பிடித்துக்கொண்டார்கள். துணி துவைக்கும் இயந்திரம் எப்படி வெள்ளைச் சட்டையை ஊதாவாக்கியது, ஒரே பெயரில் மூன்று கட்டடங்கள் இருந்தால் எதற்குப் போவது, வீட்டிலிருந்து கூப்பிடும்போது அழுகை வந்தால் என்ன செய்வது. முக்கால் மணி நேரம் அதிகாரி எழுந்திருக்கவே இல்லை. போகும்போது தடுப்புக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார்.

"மேசை அப்படியே இருக்கட்டும்."

"சரி மேடம்."

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு மேடம்," என்றார் அக்கா.

இரட்டைப் பின்னல்காரி அந்த வருடம் முழுக்கத் தூண் பக்கத்து மேசையில் தனியாகவே சாப்பிட்டாள். அதை யாரும் மாற்ற முயலவில்லை. முட்டையைக் கடைசிவரை தட்டின் ஓரத்தில் வைத்திருந்து, யாரும் எடுக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு சாப்பிடுவாள். கை கழுவிய கையோடு வந்து அக்காவிடம் அரைமணி நேரம் வம்பளப்பாள்.

அடுத்த வருடம் புது மாணவர்களுக்கான வரவேற்புக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசும்படி அதிகாரி அக்காவுக்குக் கடிதம் அனுப்பினார். கடிதத்தைப் படித்ததும் நாள்பூராவும் பேசுகிற மனுஷிக்கு நா எழவில்லை. "என்னத்தைப் பேச? அறுநூறு பேரு!" என்று வீட்டில் புலம்பினாராம். வாயே திறக்காத கணவர் அன்று திறந்தார். "தினமும் அறுநூறு பேர்கிட்டதானே பேசற. அங்க எல்லாரும் ஒரே நேரத்துல வந்திருப்பாங்க, அவ்ளோதான்."

மேடையில் அக்கா இரண்டே நிமிடம்தான் பேசினார். எந்த மணிக்கு வந்தால் வரிசை குறைவு, அறைச் சாவி தொலைந்தால் யாரைக் கேட்பது, ஒட்டுமேசை எங்கே, தனி மேசை எங்கே, எதில் உட்கார்ந்தாலும் தப்பில்லை. "வேற எதாவது கேக்கணும்னா கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

இறங்கியதுதான் தாமதம், சூழ்ந்துகொண்டார்கள். சாவியைத் தொலைத்தவன், சாவியைத் தொலைக்கப்போவதாகப் பயந்தவள், சும்மா பக்கத்தில் நிற்க வந்தவர்கள். அக்கா கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. மேலாளர்.

"எங்கம்மா இருக்கீங்க? கவுண்டர்ல ஆளே இல்ல. சாப்பாட்டு நேரமாச்சு, ஒரு பிள்ளையைக்கூடக் காணோம், என்ன ஆச்சு?"

"எல்லாரும் இங்கதான் சார் நிக்கறாங்க," என்றார் அக்கா. "இவங்களைக் கூட்டிட்டு இதோ வந்துட்டேன்."