செக்கர் மேகலாவின் வலைப்பூ

மேகலா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். லைனின் கடைசியில் நின்றுகொண்டு, வந்து சேரும் ஒவ்வொரு ஷூவையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நூல் தூக்கியிருந்தாலும், பசை வழிந்திருந்தாலும், தோலில் கொசு கடித்த அளவுக்கு வடு இருந்தாலும், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். குறையில்லாத ஜோடிக்கு ஸ்டிக்கரும் கிடையாது, பேச்சும் கிடையாது. நேரே பெட்டிக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலை என்பதால், மணப்பெண்ணே எதிரில் வந்து நின்றாலும் அம்மணியின் கண் முதலில் முந்தானையில் பிரிந்த நூலைத்தான் தேடும்.

இப்பேர்ப்பட்டவளுக்குப் போன வருஷம் போட்டோ ஆசை வந்தது. புதுப் போனில் கேமரா நன்றாக இருந்தது. எடுத்ததை ஸ்டேட்டஸில் வைத்தால் மறுநாளே காணாமல் போகிறது. பாடுபட்டு எடுத்தது அப்படிப் போகலாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தவள், சோறு வடிக்கவும் மறந்து, வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே ஒரு வலைப்பூ தொடங்கிவிட்டாள். ‘மேகலா பார்த்தவை’ என்று பெயர். படம் எதுவும் ஏற்றாத வெறும் பக்கத்துக்கே, ஜோலார்பேட்டையில் ரயில்வே டூட்டியில் இருந்த கணவர் இன்பராஜ் “சூப்பர்” என்று கமென்ட் போட்டார். தங்கமான மனுஷன், ஆனால் அவர் கருத்தை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

‘படத்துக்குக் கீழே நீங்கள் பார்த்ததை உங்கள் பாணியில் எழுதுங்கள்’ என்று அந்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. காலை வெயிலில் பஸ் ஸ்டாண்டை அவ்வளவு அழகாக எடுத்துவிட்டு, கீழே ‘பம்பரில் கீறல், இடது விளக்கு விரிசல்’ என்று எழுதினாள். செம்பருத்திக்கு ‘ஓர் இதழ் ஓரம் கருகல்’. கம்பெனியில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளோ ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஜோரில்தான் உமைமாவின் கையைப் படமெடுத்தாள். உமைமா பக்கத்து வீடு. கம்பெனிக்காக வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோலை ஊசியால் தைத்துக் கொடுப்பவள். மேகலாவுக்கு மூத்தவள் என்பதால் ‘ஆபா’, அதாவது அக்கா. ஒரு வீட்டில் பிரியாணி வெந்தால் இன்னொரு வீட்டில் தட்டு கழுவி வைக்கிற அளவுக்கு உறவு. ஜன்னல் ஓரம் தைத்துக்கொண்டிருந்த அந்தக் கையை மேகலா ரொம்ப நேரம் பார்த்து, பிரியத்தோடு எடுத்து, கீழே எழுதினாள்: ‘வலது கை. கட்டை விரல் வெட்டு, பழையது. ஆள்காட்டி விரல் கோணல். நகம் கறுப்பு.’

மேல்விஷாரத்தில் இருக்கும் உமைமாவின் தங்கை அதைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தாள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மறுநாளும் திறக்கவில்லை. மேகலா வலைப்பூவிலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிட்டாள். அப்படியும் கதவு திறக்கவில்லை. இன்பராஜ் கேட்டதற்கு “ஒண்ணுமில்ல” என்றாள். ஆனால் வேலையில் மனசு ஓடவில்லை. அந்தத் தெருவில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மனுஷிதான். அந்த உறவையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

“இன்னாடி, இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதா? இடது கைய நீட்டட்டா?” என்றாள் உமைமா, தையலிலிருந்து தலை நிமிராமல்.

“திட்டு ஆபா. ஜாஸ்தியாவே திட்டு. குறைன்னா மட்டும்தான் எனக்கு வாய் வருது. நல்லாருந்தா நாங்க பேசறதில்ல. பேசாம பொட்டில வச்சி அனுப்பிடுவோம்.”

“நான் இன்னா ஷூவாடி?”

மேகலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எங்கம்மா செத்தப்ப நான் பச்சத் தண்ணி பல்லுல படாம கெடந்தேன். இந்தக் கைதான் பிசைஞ்சு ஊட்டுச்சு. எங்கம்மா கை மாதிரியே இருந்துச்சு ஆபா. அத எழுதத்தான் ஒக்காந்தேன். எழுத வரல.”

ஊசி நின்றுவிட்டது. உமைமா முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“படத்த மறுபடி போட்டு, கீழ இதையே எழுதிடட்டா?” என்று மேகலா கேட்டாள்.

“வேணாம். ஊருக்கு எதுக்கு அது?” உமைமா தையலை ஓரமாக வைத்துவிட்டு நகர்ந்து வந்தாள். “எனக்கு இன்னொரு தடவ சொல்லு.”